நான் தேய்த்து அழித்த பெயர்

போன ஆண்டு கல்லறைத் திருநாளன்று, பத்து காவான் என்ற ஊரில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டை விட்டு நெடுஞ்சாலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் சின்ன டின் ஒன்றில் கறுப்புச் சாயம். அது என்னுடையது அல்ல. லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. எதையும் நிறுத்தி ஏறத் தோன்றவில்லை.

நான் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், பள்ளியை விட்டவன். லாரியில் உதவியாள், மீன் கிடங்கு, ஜொகூரில் கட்டட வேலை என்று சுற்றினேன். முப்பத்து மூன்று வயதில், வேலை அனுபவத்தை வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழியில், கடல் தாண்டி எதிரே இருக்கும் தீவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனேன். அங்கே ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்கு மேல் அறை. பகலில் வகுப்பு, மாலையில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் வேலை. ஓராண்டு தாக்குப்பிடித்தேன். எனக்கு அதுவே அதிகம்.

இரண்டாம் ஆண்டில் களப்பணி கொடுத்தார்கள். தோட்டம் போய்த் தொழிற்பேட்டை வந்த இடத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் கத்தோலிக்க இடுகாடு. ஒவ்வொரு கல்லறையையும் அளந்து, பெயர் எழுதி, படம் எடுக்க வேண்டும். திருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு போனேன். முதல் இரண்டும் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணிமாருடையவை, கருங்கல். கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்ததும் செதுக்கிய எழுத்துகள் அழகாக மேலே வந்தன. அந்த உற்சாகத்தில் ஓரமாக இருந்த நான்கு சின்னச் சிமெண்டுச் சிலுவைகளையும் தேய்த்தேன். பாசியோடு கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அடியில் எழுத்து எதுவும் இல்லை. படமும் அதற்குப் பிறகுதான் எடுத்தேன். படிவத்தில் பெயருக்கான இடத்தில் 'தியாடா' என்று நான்கு முறை மலாயில் எழுதினேன். இல்லை என்று அர்த்தம்.

திருநாளன்று, மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களைப் படம் எடுக்க மறுபடி போனேன். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா செபராங் ஜெயாவிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். பையில் மெழுகுவர்த்தி, சாய டின், தூரிகை. நான்கு சிலுவைகளுக்கும் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, யூனிவர்சிட்டியா நீங்க? இதுல எது எம்மவளுது?"

பெயர் எழுதியிருந்ததா என்று கேட்டேன்.

"வருசா வருசம் எங்க வீட்டுக்காரருதான் சாயத்துல எழுதுவாரு. எனக்குப் பாக்க மனசு வராது, வெளிய கெரேத்தாவுலயே கதவ சாத்திக்கிட்டு உக்காந்துருப்பேன். இப்ப அவரும் போயிட்டாரு. பழைய பேரு மேலயே எழுதிட்டுப் போயிரலாம்னு வந்தேன் லா."

தூரிகையில் கறுப்பாக உதிர்ந்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. மழையின் மேல் பழி போட்டிருக்கலாம். வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "எழுதி வச்சிருப்பீங்கல்ல? படிக்கிற புள்ள, எழுதாமயா அழிப்பீங்க?" என்றார்.

படிவத்தைக் கொடுத்தேன். விரல் வைத்து நான்கு வரிகளையும் படித்தார்.

"தியாடாவா? இல்ல தம்பி. இருந்தா. ஒன்றரை வருசம் இருந்தா."

பிறகு நான்கு சிலுவைகளுக்கும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார். கிளம்பும்போது டின்னை என் கையில் வைத்தார். "எனக்கு எதுக்கு இனி, நீங்களே வச்சிக்குங்க."

பல்கலைக்கழகத்தில் யாரும் என்னை விலக்கவில்லை. நான்தான் திரும்பிப் போகவில்லை. ஓடுவது எனக்குப் பழக்கம்.

மறுநாள் காலை மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய லாரிக் கதவுகளில் உள்ள பெயரைச் சுரண்டி எடுக்கும் வேலை. முதல் கதவைத் தொடுவதற்கு முன், அதிலிருந்த பெயரை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

"என்ன தம்பி, லாரிக்கு லவ் லெட்டரா?" என்று மேற்பார்வையாளர் அண்ணன் சிரித்தார்.

"பேரு அண்ணே," என்றேன்.

அந்த அட்டையில் இன்று வரை எத்தனையோ பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று அன்று அந்த அம்மாவிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.