கிணற்றடிக் காணி

போர்கோ வெக்கியோ சந்தையில் செல்வம் அண்ணர் எலுமிச்சம்பழம் அடுக்குகிறார். நான் தங்கியிருப்பது அவர் வீட்டில்தான். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி அயன் பண்ணிக் கொடுத்த வெள்ளைச் சேர்ட் போட்டிருக்கிறார். பத்து மணிக்கு நகரசபையில் இத்தாலியக் குடியுரிமைக்குச் சத்தியம் செய்யவேண்டும்.

"அண்ணை, வெளிக்கிடேல்லையோ?"

"இல்லைத் தம்பி. ஊரிலை புதுச் சட்டம். வெளிநாட்டு அரசாங்கங்களின்ரை கொம்பனியளுக்கு இனிக் காணி எழுதேலாதாம். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு முந்தியே ஏலாது. இந்தப் பாஸ்போட் எடுத்தால் எனக்கும் எழுதேலாது."

ஊரில் பக்கத்து வீட்டார், இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக்கிணற்றுக் காணியை அவருக்கென்றே விற்காமல் வைத்திருக்கிறார்கள். அங்கே அப்பா தண்ணீர் இறைக்க, தான் துலா மரத்தில் ஏறி மிதித்த விடியல்களைச் சொல்லும்போது கையிலிருக்கும் பழத்தை வைக்க மறந்துவிடுகிறார்.

"இஞ்சை என்னை வெளிநாட்டான் எண்டால் பரவாயில்லை. அந்தக் கிணத்தடியிலை சொல்லக்கூடாது."

மணி பத்தாகிறது. சேர்ட் கையை மடித்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கிறார்.

"அக்காவுக்கு இப்ப சொல்லிப்போடாதை."