மேட்ச் பாயிண்டில் என் பந்து

இன்று காலை பெங்களூரு மல்லேஸ்வரம் டென்னிஸ் கோர்ட்டில் கலப்பு இரட்டையர் ஆட்டம். எனக்கு ஜோடி எங்கள் அபார்ட்மெண்ட் ரமேஷ் சார்.

ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார். "நீங்க நெட் கிட்ட நில்லுங்க மேடம். மத்தத நான் பாத்துக்கறேன்."

இங்கே பெண்களை நெட்டில் நிறுத்துவது ஆடுவதற்காக அல்ல, குறுக்கே வராமல் இருப்பதற்காக. மூன்று மாதமாக நான் வாலி மட்டுமே, பந்து தரையில் படுமுன் நெட்டருகிலேயே அடிப்பதை மட்டுமே, பழகிவருவது அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மேட்ச் பாயிண்ட் எங்களுக்கு. பந்து தோள் உயரத்தில் மெதுவாக என்னிடம் வந்தது. ஓர் அடி முன்னால் வைத்து ராக்கெட்டை நீட்டினால் ஆட்டம் முடிந்தது.

பின்னாலிருந்து "விடுங்க, விடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். என் மூக்குக்கு முன்னால் ராக்கெட்டை வீசினார். பந்து நெட்டில் விழுந்தது. அதன்பிறகு ஆட்டமும் போனது.

கை குலுக்கும்போது எதிரணியிடம் சொல்கிறார்: "மேடம் பாயிண்ட் முடிக்கக் கத்துக்கணும். அதான் ப்ராப்ளம்."

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்னும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவருக்கு எதிராக ஆடப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜோடிக்கு ஆள் தேவை. பிரமாதமாக ஆட வேண்டும் என்றில்லை. என் பந்தை என்னிடம் விட்டால் போதும்.