அடுத்த வாரக் கதையைச் சொன்னவள்

எனக்கு எண்பத்து மூன்று வயது. நான் பெற்றது ஆறு, என் தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவள்தானே என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில், மலாயாவில் லாபிஸ் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், கூலிகளை மேய்க்கும் மண்டோரே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். அப்போது எனக்கு எட்டு வயது.

எல்லாம் மாமாவால் வந்த வினை. அம்மாவின் தம்பி. பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடியவர். கப்பலில் கரி அள்ளினார், சர்க்கஸில் சிங்கத்துக்கு இறைச்சி போட்டார், நாடகக் கொட்டகையில் ராணி வேஷம் கட்டினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் நாட்டில் ரயில் பாதை போட அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி ஆற்றில் மிதந்து தப்பித்தார். பிறகு சிங்கப்பூரில் உட்கார்ந்து பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். புனைபெயரில்தான். அந்தப் பெயர் மலாயா முழுக்கத் தெரியும். இருமலில் ரத்தம் வந்து தோட்டக் கூலிகளின் வரிசை வீடான எங்கள் லயத்துப் பின்னறையில் படுத்திருப்பவர்தான் அவர் என்பது என்னையும் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மாமா எழுதும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவார். கிட்டே போகக் கூடாது என்று அம்மா உத்தரவு. நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்பேன். எழுதி முடித்த தாள்கட்டை ரப்பர் லாரிக்காரரிடம் கொடுப்பது என் வேலை. அவர் லாபிஸ் ஸ்டேஷனில் ரயிலில் ஏற்றிவிடுவார். அடுத்த வாரம் அது பத்திரிகையாகத் திரும்பி வரும்.

ஞாயிற்றுக்கிழமை, வேலை நாளில் குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் தோட்டமே கூடும். வாத்தியார் கதையைச் சத்தமாக வாசிப்பார். கதாநாயகனும் எங்களைப் போல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவன். அவனையும் சயாமுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். ஒரு வாரம் அவன் ஆற்றங்கரையில் நிற்க, பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய் வர, கதை நின்றுவிட்டது. செத்தான் என்று பாதிப் பேர், தப்பிப்பான் என்று மீதிப் பேர், அடிதடியாகிவிடும் போலிருந்தது. என்னால் அடக்க முடியவில்லை. அவன் தண்ணீரில் குதிப்பான், ஒரு கிழட்டு முதலை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் முதலையை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து லயத்துக் கிழவி எழுந்து என் காலில் விழுந்தாள். "புள்ள மேல ஆத்தா நிக்கிறாடி. எழுத்தே தெரியாத புள்ளைக்கு வேற எப்புடி தெரியும்?" என்றாள்.

அப்புறம் என்ன, எனக்குத் திருவிழாதான். நெற்றி நிறைய விபூதி, மடி நிறைய வாழைப்பழம். அண்ணன்கள் என் துணியைத் துவைத்தார்கள். மண்டோரின் மாடு காணாமல் போனதற்கு நான் சும்மா கோயில் பக்கம் கையைக் காட்ட, அது அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அத்தையும் என்னிடம் வந்தாள். அப்பாவின் தங்கை, மாமாவுக்குச் சோறு கொண்டுவருகிறவள். கல்யாணமான ஆறாம் மாதம் அவள் புருஷனைச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். போனவர்களில் சிலர் வந்தார்கள், அவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. அத்தை பொட்டை அழிக்கவில்லை. அந்த வாரம் பொந்தியானில் மீன் விற்கும் நல்ல மனிதர் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அத்தை அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். என்னை எப்போதும் வாலு என்று திட்டுகிறவள்.

"தாயி, கதையில வர்றவரு வீட்டுக்குத் திரும்பி வந்துருவாருங்களா?"

எனக்குத் தெரியாது. அன்று காலையில் மாமா முதல் முறையாக வாயைத் திறக்காமல் எழுதியிருந்தார். தெரியாது என்று சொன்னால் பொங்கல் போய்விடும், ஆத்தாவும் போய்விடுவாள்.

"வருவாரு," என்றேன்.

அத்தை என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொங்கலை வழித்துத் தின்றுவிட்டு மாமாவிடம் ஓடினேன். கதாநாயகனை எப்படியாவது திருப்பிக் கொண்டுவராவிட்டால் என் மானம் போய்விடும் என்று அழுதேன். முதலை, மாடு, மண்டோர் எல்லாம் கேட்டு மாமா இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு, வருவானா என்று கேட்டது யார் என்றார். அத்தை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ என்ன சொன்ன?"

"வருவாருன்னு சொன்னேன் மாமா."

 மாமா காலையில் எழுதி வைத்திருந்த தாள்களை மடித்து என் பக்கம் தள்ளினார். "யார்கிட்டயும் காட்டாத. படிக்கக் கத்துக்கிட்டதும் நீயே படி." அப்புறம் புதுத் தாள் எடுத்தார்.

அதற்கடுத்த வாரத்து ஞாயிறு கதாநாயகன் லாபிஸ் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். ஆயாக்கொட்டகைத் தகரம் அதிரும்படி தோட்டமே கத்தியது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றினார்கள். அத்தை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் பிறகு பார்த்ததே இல்லை. மறுநாளே பொந்தியான்காரருக்கு முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதத்தில் மாமா போய்விட்டார். பத்திரிகையில் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டதும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. ஆத்தா இறங்கிட்டாளா என்று என்னைக் கேலி செய்தார்கள். அத்தை மட்டும் கேலி செய்யவில்லை. எழுதினது யாராக இருந்தால் என்ன, சொன்னது ஆத்தாதான் என்றாள். முப்பத்தெட்டு வருஷம் பொட்டும் பூவுமாக இருந்து, அப்படியே போனாள்.

நான் எழுத்துப் படித்தது அறுபது வயதுக்கு மேல், பக்கத்து ஊரான சாஆவில் மகள் வீட்டில் இருந்தபோது. பிஸ்கட் டின்னில் இருந்த அந்தத் தாள்களைக் கூட்டிப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதில் கதாநாயகன் திரும்பவில்லை. மூங்கில் குடிசையில், காய்ச்சலில், கூட்டாளியின் மடியில் சாகிறான். என் பெண்டாட்டியிடம் காத்திருக்க வேண்டாம் என்று சொல், வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல் என்கிறான். அந்தப் பெண்டாட்டிக்குக் கதையில் இருந்த பெயரை மாமா அங்கே எழுதவில்லை. அத்தையின் சொந்தப் பெயரை எழுதியிருந்தார்.

அத்தை சோறு கொண்டுவந்தால் மாமா ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அத்தையின் சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று எட்டு வயதில் நினைத்திருந்தேன்.

பேத்தி பக்கத்தில் வந்து நிற்கிறாள். இந்தா தாயி, நான் எழுதிய இந்த நோட்டைப் பிடி, முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. அத்தை கேட்கிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து. நான் சொன்ன பதிலை உடனே வாசித்துவிடாதே.