லுணுகலைப் படத்தில் மிஞ்சிய வரி

பம்பாயில் அச்சாகும் சாமி படங்களின் ஓரத்தில் எழுத்துகள் இருக்கும். நாகரி எழுத்தில் ஒரு சுலோகம், தெலுங்கில் அதுவே, தமிழில் சாமி பெயர், அடியில் இங்கிலீஷில் ஒரு வரி. ஊரெல்லாம் முருகன் முகத்தைக் கும்பிடும். எனக்கு ஓரத்து எழுத்தின் மேல்தான் பைத்தியம். பதுளைக்கு ரயில் வந்துவிட்ட தைரியத்தில் இந்த மாசியில் கிளம்பியதும் அதற்காகத்தான்.

பதுளைக் கடைத்தெருவில் படம் விற்பவர் எனக்கு வழி சொன்னார். "லுணுகலைத் தோட்டத்துல வீராயின்னு ஒரு அம்மா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் வாங்கின முருகன் படத்துல நாலு எழுத்தும் இருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவங்க வந்தா அனுப்பச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. அந்தப் படம் இப்ப வர்றதில்லைங்க."

லுணுகலை சுமார் இருபத்தைந்து மைல். மோட்டார் பஸ்ஸில் ஒன்றரை ரூபாய். வழி முழுக்க வளைவு. வெறும் வயிற்றோடு ஏறுங்கள். நான் இடியாப்பத்தை ஒரு கை பார்த்துவிட்டு ஏறி அவதிப்பட்டேன். அங்கிருந்து இரண்டு மைல் ஏற்றம். கங்காணியிடம் கேட்காமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள்.

வீராயி அம்மாள் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியிருந்தார். "வாங்கய்யா. தமிழைக் கணக்கப்பிள்ளை வாசிச்சாரு. மத்தது அவருக்குத் தெரியலை. என் வீட்டுக்காரரு சாகறப்பகூட, சாமி என்னதான் சொல்லுது வீராயின்னு கேட்டுக்கிட்டே போனாரு."

படத்தைப் பார்த்ததும் என் மனம் விட்டுப்போயிற்று. சாமி சொல்லாயிற்றே என்று அம்மாள் ஒவ்வோர் எழுத்துக்கும் தினமும் சந்தனப் பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். கண்ணாடி போடாத படம். நாகரியும் தெலுங்கும் தமிழும் வெறும் மஞ்சள் கறையாகிவிட்டன. இங்கிலீஷ் வரி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இதுக்கு வைக்கலையா அம்மா?"

"அது தொரை எழுத்துங்க. அதுக்கு எதுக்குப் பொட்டு?"

மற்றது அழிந்துவிட்டது என்று சொன்னேன். "இருக்கறதையாவது வாசிங்க" என்றார். வாசித்தேன். அச்சகத்தின் பெயர், பம்பாயில் அதன் தெரு, வேறு யாரும் அச்சிடக் கூடாது என்ற எச்சரிக்கை. தமிழிலும் சொன்னேன். கைகூப்பிக் கேட்டவர் மெல்லக் கையை இறக்கினார்.

"அவரு கேட்டது இது இல்லைங்க."

திரும்பும் வழியெல்லாம் துக்கமாக இருந்தது. அலட்சியத்தால் அழிந்திருந்தால் யாரையாவது திட்டித் தீர்த்திருப்பேன். இது பக்தியால் அழிந்தது, யாரை நோவது?

இதை வாசிப்பவர்களில் யார் வீட்டிலாவது அந்தப் படம் இருக்கலாம்: மயில் இடப்பக்கம், ஓரத்தில் நாலு எழுத்து. இருந்தால் சுலோகத்தை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் மறுபடி மலையேறத் தயார். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் தினமும் பொட்டு வைப்பார்கள்.