காதில் மாட்டிய வயர்

ஜமால் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் பை தைத்தவர். அவர் தைத்த பைகள் அவர் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் போயின. தனக்கென்று அவர் தைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: தீப்பெட்டி அளவிலான ஒரு பாட்டுப் பெட்டிக்கு உறை.

அந்த எம்பி3 பிளேயரை குர்லா ஸ்டேஷன் பாலத்தில் வாங்கினார். முனைக் கடைக்காரன் பாட்டு ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து அதைக் காப்பதே அவருக்கு இன்னொரு உத்தியோகமாயிற்று. ரயிலில் போனால் உள்பையில் வைத்து ஊக்குக் குத்திக்கொள்வார். மழையில் நனைந்து வந்தால் முதலில் பெட்டியைத் துடைப்பார், பிறகு தலையை. மகள் அஃப்ஷா அதைத் தொடக் கூடாது. மனைவி ஆபிதா அது இருக்கும் அலமாரியைத் துடைக்கக்கூடக் கூடாது.

ஒரு மழைக்காலம் பட்டறைக்குள் தண்ணீர் ஏறியது. மறுநாளே கறுப்பு ஆட்டுத்தோலை வெட்டி உறை தைத்தார். ஓரங்களைப் பசை வைத்து ஒட்டி, மெழுகு நூலால் நான்கு பக்கமும் நெருக்கித் தைத்து, வயர் வெளியே வர மட்டும் ஒரு துளை விட்டார்.

பக்கத்து மிஷினில் இருந்த பேச்சிராஜா கேட்டான்: "பாய், அது மூச்சு விடவாவது எடம் வச்சீரா?"

"கடல்ல போட்டாலும் பாடும்வே. நீ ஒன் ஜிப்பை ஒழுங்காத் தை."

அதன் பிறகு ஜமால் வீட்டுக்கு வந்ததும் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார். கால் கட்டைவிரல் தாளம் போடும். அவருக்குத்தான் கேட்காதே என்று ஆபிதாவும் மனம் விட்டுப் பேசப் பழகிக்கொண்டாள்.

"பரணுக்கு ஏறுற இந்த ஏணில ஒரு நாள் விழுந்து சாவப் போறேன். யாருக்கு என்ன?" என்பாள்.

"ஊருக்கெல்லாம் பை. பொண்டாட்டி கையில பிளாஸ்டிக் கவரு" என்பாள்.

அடுத்த வாரம் ஏணிக்குக் கைப்பிடி வந்தது. பெருநாளைக்கு ஒரு தோல் பர்ஸ் வந்தது. இப்படி வந்ததற்கெல்லாம் ஆபிதா வியாழக்கிழமை மாஹிம் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை வைத்துவிட்டு வந்தாள். காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு இதெல்லாம் தோன்றுகிறது என்றால் அது தர்கா பாவாவின் வேலையாகத்தானே இருக்க முடியும்?

ஒரு தடவை மட்டும், ஏதோ கோபத்தில், "இந்த மனுசனக் கட்டி நான் என்ன சொகத்தக் கண்டேன்?" என்றாள். ஜமால் பெருவிரலால் உறையை அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். கால் கட்டைவிரலின் தாளம் அன்று நின்றிருந்தது. பாட்டு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஜமால் மவுத்தானார். ஆபிதா வெளியே போகாமல் இத்தா இருந்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு செம்பூரிலிருந்து அவருடைய தங்கை மெஹராஜ் வந்தாள். சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு, "மதினி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அண்ணன் ஞாபகமா அந்தப் பாட்டுப் பெட்டிய மட்டும் தாங்க" என்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம வா, பாப்போம்" என்றாள் ஆபிதா.

கொடுக்க அவளுக்கு மனமில்லை. மறுக்கவும் காரணம் இல்லை. அண்ணனின் பொருளைத் தங்கை கேட்கிறாள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது அதைக் கேட்டுவிட வேண்டும். தன் பேச்சை விட அப்படி என்ன இனிமையாக இருந்தது அந்தப் பெட்டிக்குள்?

அஃப்ஷா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உம்மா, இதுக்கு சார்ஜ் எங்க போடுறது? வாப்பா எல்லாத்தையும் பந்த் பண்ணி வச்சிருக்காங்க."

"நல்லாப் பாருட்டி."

"ஓட்டையே இல்ல உம்மா."

ஒரு பக்கத்துத் தையலை பிளேடால் பிரித்தார்கள். சார்ஜ் போடும் வாயில் பசை இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அதைச் சுரண்டிச் சார்ஜில் போட்டும் பெட்டிக்கு உயிர் வரவில்லை.

"இந்த உறை எப்போ தச்சது? நான் டென்த் படிக்கிறப்போதானே?" என்றாள் அஃப்ஷா. இப்போது அவள் வேலைக்குப் போய் வருகிறாள். "அப்போ அந்த வாரமே பேட்டரி தீந்திருக்கும். இத்தன வருஷமா வாப்பா என்னத்தக் கேட்டாங்க?"

ஆபிதா பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். உறையைப் பிரித்தால் பேச்சிராஜா பட்டறை கூட்டிச் சிரிப்பான். அதற்கு அஞ்சித்தான் மனிதர் ஊமைப் பெட்டியோடு வீடு வந்திருப்பார். அப்புறம் அதிலேயே ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்திருப்பார். ஏணிக் கைப்பிடி நினைவுக்கு வந்தது. பர்ஸ் நினைவுக்கு வந்தது. பாவாவுக்கு வைத்த சர்க்கரையெல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசியாக, தாளம் நின்ற அந்தக் கட்டைவிரல்.

"கடையில குடுத்தா உள்ள இருக்கிற பாட்ட எடுத்து போன்ல போட்டுத் தருவான் உம்மா."

"வேண்டாம். ஊசிய எடு."

பழைய துளைகளிலேயே நூலை விட்டுத் தைத்தாள். சார்ஜுக்கு இடம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஹராஜ் வந்தபோது ஆபிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காதில் வயர். மெஹராஜ் வாயைத் திறந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் அஃப்ஷாவின் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"அவளும் அண்ணன் மாதிரியே ஆயிட்டா பாரு. சரி, அவகிட்டயே இருக்கட்டும். ஒங்க உம்மா மட்டும் இல்லேன்னா எங்கண்ணன் எப்பவோ போய்ச் சேந்திருப்பான். அப்படிப் பாத்துக்கிட்டா" என்றாள் மெல்ல. பிறகு சும்மா இருக்க முடியாமல், "ஆனா சால்னா மட்டும் இன்ன வரைக்கும் வைக்கத் தெரியாது" என்றாள்.

ஆபிதா பெருவிரலால் தோலை அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.