படத்தில் மட்டும் ஏற முடிந்த சாய்தளம்

ஐரின் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்லூரியில் படிக்கும்போது சிறுமலை மலைப்பாதையில் வேன் கவிழ்ந்து முதுகெலும்பு போனது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அதோடேயே பி.எட். முடித்து வேலைக்கு வந்தார். யாராவது கேட்காமல் நாற்காலியைத் தள்ளினால், "கையை எடுங்க" என்பார். அதை இனிமையாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பள்ளிக்குப் புதுக் கட்டடம் என்று முடிவானதும், எஞ்சினியர் ராபின் ஆசிரியர்களை உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார். செயற்கை நுண்ணறிவிடம் நாலு வரி சொன்னதும் அது வரைந்து கொடுத்ததாம். அசல் போட்டோ மாதிரியே இருந்தது. பளபளக்கும் வராந்தா, முன்னால் பூந்தோட்டம், பக்கத்தில் ஒரு சாய்தளம். அதில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காகவே போடச் சொன்னேன் டீச்சர்" என்றார் ராபின். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஐரின் தட்டவில்லை. "வராந்தா எம்புட்டு உயரம் சார்?"

"மூணடி."

"ஓரடி ஏற பன்னெண்டடி வேணும். அப்ப சாய்தளம் முப்பத்தாறடி நீளம் இருக்கணும். இதுல பத்தடி கூட இல்லையே."

"இது சும்மா தோற்றம்தான். அளவெல்லாம் பிளான்ல வந்துரும்."

வரவில்லை. தாளாளர் ஞானதாஸுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. பூந்தோட்டம் கொஞ்சமும் குறையக் கூடாது என்றார். ராபின் தோட்டத்தைத் தொடாமல், பிளானிலும் சாய்தளத்தைப் படத்தில் இருந்தபடி குட்டையாகவே போட்டார். அஸ்திவாரம் தோண்டும்போதே ஐரின் போய் எச்சரித்தார். "படத்துல ஏறுதுல்லம்மா" என்று தாளாளர் சிரித்தார்.

திறப்பு விழா அன்று காலை ஐரின் ஏறிப் பார்த்தார். பாதி ஏறுவதற்குள் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. பின்னால் வந்த தமிழ் டீச்சர் அறிவுச்செல்வி பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க ஓடி வந்தார்கள்.

"தொடாதீங்க" என்றார் ஐரின். கீழே இறங்கி, சாய்தளத்துக்குக் குறுக்கே நாற்காலியை நிறுத்திப் பிரேக்கைப் போட்டார்.

தாளாளர் வந்தார். "விருந்தினர் வர்ற நேரம்மா. தூக்கிட்டுப் போகச் சொல்றேன். வீம்பு பண்ணாத."

"நான் மூட்டை இல்ல சார். படத்துல சிரிச்சாளே, அவளுக்கு ஒடம்பே கிடையாது. கையும் வலிக்காது, விழவும் மாட்டா. எனக்கு ஒடம்பு இருக்கு. அந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டித்தான நன்கொடை கேட்டீங்க? நான் ஏற முடியாத எடத்துல என்னைச் சிரிச்சுக்கிட்டு ஏற வைக்க உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா?"

"ஏஐ பண்ணுன தப்பு டீச்சர்" என்று ராபின் இழுத்தார்.

"அது மேல போடாதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு நான் சொன்னேன்."

விருந்தினர் படிக்கட்டு வழியாக ஏறி ரிப்பனை வெட்டினார். மறுநாளிலிருந்து ஐரின் சைக்கிள் ஷெட்டில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து வகுப்பு எடுத்தார். வெக்கையில் பிள்ளைகள் வியர்த்து வழிந்தார்கள். ஒருவர் இருவராகப் பெற்றோர் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பூந்தோட்டத்தைத் தோண்டி, வளைந்து ஏறும் புதுச் சாய்தளம் கட்டினார்கள்.

காலைக் கூட்டத்தில் நிர்வாகத்துக்கு நன்றி சொல்லும்படி தாளாளர் ஆள் விட்டார்.

"தன் வகுப்புக்குப் போறதுக்கு எந்த டீச்சர் நன்றி சொல்றாங்க?" என்று கேட்டு அனுப்பினார் ஐரின். மணி அடித்தது. சக்கரத்தைத் தானே உருட்டி மேலே போனார். அவர் முகத்தில் கடுகடுப்பு மாறவேயில்லை.