நைனாவுக்கு ஓர் ஓலை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்கு நான் துபாஷி, அவர்கள் மொழியையும் நம் மொழியையும் மாற்றிச் சொல்பவன். இன்று படிக்கக் கொடுத்த ஓலையில் மஞ்சளும் விளக்குக்கரியும் மணத்தன. அந்த வாசனையில் எனக்குப் பத்து வயது திரும்பியது.

அப்போது நைனா ஒல்லாந்தர் கப்பலில் கடல் கடந்து பத்தாவியா போயிருந்தார். தம்பி பிறந்த சேதியை அவருக்கு எழுதச் சொன்னாள் அம்மா. வீட்டில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் ஏரியில் நண்டு பிடிக்க ஓடினேன். ஓலையைக் கொண்டுபோக வேண்டிய கப்பல் போய்விட்டது. அம்மா திட்டவில்லை. அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

"இன்னாத்துக்குடா எழுதல?" என்றாள் அக்கா.

"என் எழுத்து கோணலா இருக்கும். அங்க நைனாவுக்குப் படிச்சுக் காட்டறவன் சிரிச்சா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். இப்ப நைனானு மட்டும் எழுது, போதும்."

அந்த ஒரு சொல்லை எழுதினேன். கோணல்தான். ஆனால் அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஓலை நிறைந்தது. அடுத்த கப்பலில் போனது.

மறுவருடம் நைனா வந்திறங்கியதும், "படிச்சவன் சிரிச்சானா?" என்றுதான் கேட்டேன்.

"இல்லடா. அவனுக்கு வூட்லேர்ந்து ஓலையே வந்ததில்லியாம். இன்னொரு தபா படிக்கட்டுமானு கேட்டான்."